முன்னே போன சைக்கிள்

பெண்டாட்டியை விட்டுவிட்டு சைக்கிளைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கள்ளக்குறிச்சியில் ஒருத்தன் இருந்தான். பெயர் பூமாலை, தொழில் வெல்டிங். மஸ்கட்டில் இரண்டு வருஷ வேலை என்று சேதி வந்தபோது தெருவே சந்தோஷப்பட்டது. ரேஸ் சைக்கிளையும் கூடவே எடுத்துப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் அதே தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இன்னாடா, ஏரோப்பிளேனு பின்னாடியே மிதிச்சிக்கினு போவப்போறியா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

சிரிக்காதவள் ஒருத்திதான், அவன் பெண்டாட்டி ராணியம்மாள். அவளையும் சும்மா விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில், "உன்ன விட அதுமேலதான் உன் வூட்டுக்காரருக்கு ஆச ஜாஸ்தி" என்று சீண்டினார்கள். "ஆமா, அது வாயாடாதுல்ல" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த சைக்கிள் பாண்டிச்சேரியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றது. ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், கட்டைவிரல் தடிமனில் டயர். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணிகூடக் கிடையாது. பொங்கல் பந்தயத்தில் உளுந்தூர்பேட்டை வரை போய்த் திரும்புவதற்குள் மற்றவர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். பூமாலை மட்டும் எதிர்க்காற்றில் சிரித்துக்கொண்டு வருவான்.

ஒரு வருஷம் பந்தயத்தில் தியாகதுருகம் பக்கம் லாரிக்கு ஒதுங்கப் போய் விழுந்தான். கால் எலும்பு இரண்டு இடத்தில் போனது. கட்டுப் போட்டுச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவன் பேச்சை நிறுத்தினான், பிறகு சோற்றைக் குறைத்தான், பிறகு யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதையே விட்டான். ஒரு விடியற்காலையில் படுக்கையில் ஆளைக் காணாமல் ராணியம்மாள் தேடிப் போனால், ஊன்றுகோலோடு கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "காப்பி ஆறிப்பூடும், வாங்க" என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கட்டுப் பிரித்த அன்றே அந்த சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, வாசலில் சுவரில் சாய்த்து வைத்தாள். அவன் ஏறினான். மாதக்கணக்கில் மறந்திருந்த பசி அன்றைக்கு மத்தியானம் அவனுக்குத் திரும்பி வந்தது.

அதனால்தான் அமீனுல்லா பேசியது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அமீனுல்லா பட்டறைக் கூட்டாளி, மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தான், வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். "நாலு வருஷமா அங்க இருக்கறேன் பூமாலை. அந்த நாட்ட நான் பாக்கவே இல்ல. கேம்ப்பு செவுரு, கம்பெனி செவுரு, அவ்ளோதான். நடுவுல பஸ்ல ஏத்திக்கினு போவான், எறக்கி வுடுவான். ரோடு மட்டும் இன்னா ரோடுன்ற! வழுவழுன்னு மலைமேல ஏறிப் போவுது. நமக்குத்தான் போக நாதி இல்ல."

"சைக்கிள் எடுத்துக்கினு வந்தா?" என்று பூமாலை விளையாட்டாகத்தான் கேட்டான்.

"வீலக் கழட்டி, காத்த எறக்கி, கட்டிக் குடுத்தா பிளேன்ல லக்கேஜா போடறான். வெள்ளக்காரங்க கொண்டாறாங்களே."

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த ராணியம்மாள் அப்போதே முடிவெடுத்துவிட்டாள். இரண்டு வருஷம் சுவருக்கும் சுவருக்கும் நடுவே இவனை விட்டால் ஆள் முழுசாகத் திரும்ப மாட்டான். அங்கே எந்தக் கிணற்றுக்கட்டு இருக்கிறதோ, கூட்டிவர யார் இருக்கிறார்களோ. போனால் சைக்கிளோடு போகட்டும், இல்லையா, போகவே வேண்டாம். பூமாலை விளையாட்டாகக் கேட்டதை அவள்தான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் கந்தசாமிக்கு இது பிடிக்கவில்லை. அவர் பயிர் வைக்கிற மனுஷன். "அத வித்துட்டு ஒரு கறவ மாடு வாங்குனா வூட்டுக்கு ஒதவும்" என்று வாரத்துக்கு ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். மருமகள் காதில் வாங்கவில்லை. அதனால் கிழவர் ஒரு தந்திரம் பண்ணினார்.

எங்கள் பக்கத்தில் பரஸ்தானம் வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. நல்ல நேரம் ஒரு நாளிலும் பயணம் வேறொரு நாளிலும் அமைந்தால், போகிறவரின் சாமான் ஒன்றை அந்த நல்ல நேரத்தில், போகிற திசையில் இருக்கிற வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் போகிற காரியம் கெட்டுவிடும். ஒரு வேட்டியோ துண்டோ வைத்தால் போதும்.

கந்தசாமி ஜோசியரிடம் கேட்டுவந்து, "மஸ்கட்டு எந்தப் பக்கம்டா?" என்று அமீனுல்லாவைப் பிடித்தார். "மேக்க, மாமா" என்றான் அவன். "அப்ப மேக்கதான் வெக்கணும்" என்று சொல்லி, யாரும் எதிர்பாராமல் அந்த சைக்கிளையே எடுத்தார். வைக்கோல் பிரி முறுக்கி ஒவ்வொரு குழாயாகச் சுற்றி, மேலே கோணி போட்டு, மாட்டு வண்டியில் ஏற்றி, மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் இருக்கிற பங்காளி பாவாடை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். சுற்றியது என்னமோ அருமையாகத்தான் சுற்றினார், விதைநெல்லுக்கு வைக்கோல் கோட்டை கட்டிய கையாயிற்றே!

இங்கேதான் சூட்சுமம். மஸ்கட் மேற்கேதான். ஆனால் மஸ்கட் போகிற பஸ் கிழக்கே அல்லவா போகிறது! உளுந்தூர்பேட்டை போய், மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய்க்கு ரயில். புறப்படுகிற அவசரத்தில் மேற்கே போய் சைக்கிளை எடுத்துவந்தால் வீட்டைத் தாண்டித்தான் கொண்டுவர வேண்டும், அது ஆகாது. ஆக, அது பாவாடை வீட்டிலேயே கிடக்கும், பையன் வெறுங்கையோடு போவான். கிழவர் கணக்கு அது. ராணியம்மாளுக்குப் புரிந்தது. சடங்கு என்று வந்துவிட்ட பிறகு மருமகள் என்ன பேச முடியும்?

அந்த சமயத்தில்தான் மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். "எல்லாம் ஒரு நாள் கூத்து, மறுநாள் பஸ்ஸு ஓடும்" என்றார் கந்தசாமி. அவர் பார்த்த மறியலெல்லாம் அப்படித்தான் முடிந்திருந்தது. இந்த முறை விடிந்து பார்த்தால், உளுந்தூர்பேட்டை ரோட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் புளியமரம் குறுக்கே கிடக்கிறது. சேலம் ரோட்டிலும் அதே கதி. துப்பாக்கிச் சூடு என்றும் ஆள் போய்விட்டது என்றும் சேதி வந்தபடி இருந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. திங்கட்கிழமை பம்பாயில் ஏஜெண்டு ஆபீஸில் நிற்காவிட்டால் அந்த விசாவில் வேறொருத்தன் போய்விடுவான்.

பூமாலை பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். "நடந்தே உளுந்தூர்பேட்டை போயிப் பாக்கறேன். ஆளு போய்ச் சேந்தா போதும். சைக்கிள் கெடக்கட்டும் வுடு" என்றான்.

கந்தசாமி முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது பாருங்கள், அதைப் பார்த்ததும் ராணியம்மாளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வேகம்! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமனார் எதிரே வந்து நின்றாள்.

"மாமா, பயணம் பொறப்பட்டுதா இல்லியா?"

"பொறப்பட்டுது. நல்ல நேரத்துலதான வெச்சேன்."

"எந்தப் பக்கம் பொறப்பட்டுது?"

கிழவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மேக்க பொறப்பட்டுது. சைக்கிள் முன்னாடி போயிட்டுது, ஆளுதான் இன்னும் போவல. இப்ப இவரு கெழக்க போனா வெச்ச பயணம் இன்னா ஆவறது? நீங்களே சொல்லுங்க."

"மேக்க ஏதுமா ரோடு? மலைதான இருக்குது!"

"மலையிலயும் ரோடு இருக்குது. கல்வராயன் மலையில எவனும் மரம் வெட்டிப் போடல. வெள்ளிமலை போயி, கருமந்துறை போயி, அந்தாண்ட எறங்குனா சேலம். சேலத்துல பம்பாய் ரயிலு நிக்குது. எழுந்திருங்க" என்று கடைசிச் சொல்லைப் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

தன் சடங்கை வைத்தே தன்னை மடக்கிவிட்டாளே என்று கந்தசாமி தாடையைச் சொறிந்தார். "நீ எங்க பொறப்பட்டுட்ட?" என்று மட்டும் கேட்டார். அவள் ஏற்கெனவே பெட்டியின் எடையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த சைக்கிள்ல கேரியர் கெடையாது மாமா. பெட்டிய யாரு தூக்கறது?"

பூமாலை பெட்டியைத் தூக்கி அவள் தலைச் சும்மாட்டில் வைத்தான். பாஸ்போர்ட்டும் பணமும் அவன் தோள்பையில். வெயில் ஏறுவதற்குள் ஊர் எல்லையைத் தாண்டினார்கள். அங்கே ரோட்டை மறித்துக் கிடந்த ஆலமரத்துமேல் கோடாலியோடு உட்கார்ந்திருந்தவன் வேறு யாருமில்லை, பூமாலையின் தம்பி சின்னக்கண்ணு. அவன் வீட்டுப் பக்கம் வந்தே இரண்டு நாள் ஆகியிருந்தது.

"இன்னா அண்ணா, போறியா?" என்று கீழே குதித்தான். கண் சிவந்திருந்தது. "ஒன்ன மாதிரி ஆளுங்க ஊர வுட்டுப் போவக் கூடாதுன்னுதான இங்க அடி வாங்கிக்கினு கெடக்கறோம்."

பூமாலை தலையைக் குனிந்துகொண்டான். பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல் பட்டறைக்குப் போனவன் அவன்; தம்பி சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அவனுக்கு அங்கேயே தம்பி பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அது ராணியம்மாளுக்கும் தெரிந்தது.

"நீங்க ஜெயிங்க தம்பி" என்றாள். "ஜெயிச்சா இவரு திரும்பி வருவாரு. அதுவரிக்கும் வவுறு காத்துக்கினு இருக்குமா? வழி வுடு."

சின்னக்கண்ணு கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, மரத்தின்மேல் ஏறி, பெட்டியை வாங்கி அந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்தான். அண்ணன் தோளில் கைவைத்து அழுத்தினான்.

கச்சிராயபாளையத்தில் பாவாடை வாயைப் பிளந்தார். "இத எடுக்க ஆளே வராதுன்னு ஒன் மாமன் சொன்னானே!" ராணியம்மாள் சிரித்த சிரிப்பில் அவருக்கே கூச்சமாகிவிட்டது. பிரியை அவிழ்த்து, வீலை மாட்டி, காற்றடித்து பூமாலை சைக்கிளை நிமிர்த்தியபோது மத்தியானம் ஆகியிருந்தது.

மலை ஏற ஆரம்பித்தார்கள். முன்னால் அவள் பெட்டியோடு நடந்தாள், பின்னால் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாலு வளைவு தாண்டியதும் அவள் நின்றுவிட்டாள்.

"எதுக்குத் தள்றீங்க?"

"நீ நடக்கற. நான் எப்டி ஓட்டறது?"

"எத்தினி பந்தயத்துல ஜெயிச்சிருக்கீங்க, ஒண்ணுலயாவது நான் பாத்தனா? பொம்பளைங்க ரோட்டோரம் வந்து நிக்க முடியுமா? இப்பதான் ஒருத்தரும் இல்ல. ஓட்டுங்க, பாக்கறேன்."

அவன் ஏறினான். இருக்கையைவிட்டு எழும்பி, ஆட்டுக்கொம்பு இரண்டையும் பிடித்து, இடமும் வலமுமாக அசைத்து அந்த ஏற்றத்தை அப்படி மிதித்தான். வளைவில் மறைந்தான். கொஞ்ச நேரத்தில் மேலே இன்னொரு வளைவில் தெரிந்து கையைத் தூக்கினான். பிறகு சர்ரென்று இறங்கி வந்து அவளைச் சுற்றிவிட்டு மறுபடி ஏறினான். மூச்சு வாங்கியது, சட்டை நனைந்திருந்தது, முகத்தில் அப்படி ஒரு களை. கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை அவள் அவ்வளவு முழுசாகப் பார்த்ததில்லை. தலையில் பெட்டி கனத்தது, கழுத்து வலித்தது, ஆனாலும் நம் முடிவு சரிதான் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பொழுது சாய்கிறபோது வழியில் ஒரு மலைக்கார ஊரில் இருசம்மாள் என்கிற அம்மா தின்னச் சாமைச் சோறு போட்டு, படுக்க இடமும் கொடுத்தாள். "இந்த ரோட்டுல பெட்டியத் தூக்கிக்கினு வந்த மொத பொம்பள நீதான். திரும்பறப்பவும் இங்கியே தங்கு" என்றாள்.

மறுநாள் கருமந்துறையில் ஒரு கிழங்கு லாரி கிடைத்தது. மரவள்ளிக் கிழங்கை வெட்டி ஏற்றியாகிவிட்டது, கீழே ஜவ்வரிசி மில்லுக்குப் போய்ச் சேராவிட்டால் நாறிப்போகும் என்று டிரைவர் ஊரில் உள்ள அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் ஏறுங்க, பெட்டியும் ஏறட்டும். சைக்கிள வெக்க எடம் இல்ல, கிழங்கு மேல போட்டா ஒடஞ்சிடும்" என்றார்.

பூமாலை சைக்கிளையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு நாள் அலைச்சல் முகத்தில் தெரிந்தது. "போதும் ராணி. இங்க யார் வூட்லயாவது வுட்டுட்டுப் போலாம். ரயில வுட்டுட்டா எல்லாமே போச்சி."

"பெட்டியும் நானும் லாரில வர்றோம்" என்றாள் அவள். "நீங்க இதுல வாங்க. எறக்கம்தான?"

டிரைவர் சிரித்தார். "எம்மா, இது மலையெறங்கற காட் ரோடு. லாரி எங்க, இது எங்க!"

பாதி மலை இறங்குவதற்குள் அந்த சிரிப்பு அடங்கிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் லாரி முனகி, பிரேக் பிடித்து, கியர் மாற்றித் திரும்புவதற்குள் சைக்கிள் அடுத்த வளைவுக்குப் போய்விடும். அடிவாரத்தில் லாரி வந்து நின்றபோது பூமாலை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தான். "அடேங்கப்பா!" என்றார் டிரைவர்.

ஆனால் வேப்பமரத்துக்கு அந்தாண்டை ரோடு இல்லை. சேலம் போகிற வழி நெடுக இங்கேயும் மரம் கிடந்தது, ஒன்றுக்குப் பின் ஒன்று. டிரைவர் லாரியைத் தோப்பில் ஏற்றி நிறுத்திவிட்டு, "சேலத்துல ரயில் ஓடுதாம், ரேடியோவுல சொன்னான். ஆனா அதுவரிக்கும் சக்கரம் உருளாது" என்று சொல்லிவிட்டு, கிழங்கைத் திட்டியபடி பக்கத்து ஊரில் இருந்த அக்கா வீட்டுக்கு நடந்துவிட்டார். அவளையும் கூப்பிட்டார். அவள் வரவில்லை என்றாள்.

சேலம் வரை பெட்டியைச் சுமந்து நடந்தால் ரயில் போய்விடும். சைக்கிளில் போனால் பொழுதுக்குள் போய்ச் சேரலாம். சைக்கிளில் பெட்டி ஏறாது. பூமாலை வாயைத் திறப்பதற்குள் ராணியம்மாள் ரோட்டோரத்தில் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், உளுந்து அப்பளம், போர்வை, கல்யாண வேட்டி, இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ என்று எல்லாம் அதில் இருந்தது. பதினைந்து நாள் இடித்ததும் காயவைத்ததும் கட்டியதும் அவள்தான். தோள்பையில் இரண்டு சட்டை, ஒரு பேண்ட் வைத்தாள். மேலே பொடி டப்பாவை வைத்துப் பார்த்தாள். இன்னும் பம்ப்பும் ஸ்பேனரும் மாற்று டியூபும் வைக்க வேண்டும். பொடி டப்பாவை எடுத்துவிட்டு அவற்றை வைத்தாள். போட்டோவையாவது வைப்போம் என்று பார்த்தால் அது கண்ணாடி போட்ட போட்டோ. அதையும் பெட்டியில் திருப்பிப் போட்டாள்.

"ராணி, நான் போவல" என்றான் பூமாலை. "ஒன்ன இந்தக் காட்டுல வுட்டுட்டு எவன் போவான்? வா, வூட்டுக்குப் போலாம்."

"இங்க பாருங்க." அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனுக்கும் பயமாத்தான் இருக்குது. நீங்க இல்லாம ரெண்டு வருஷம் எப்டி இருப்பன்னு தெரியல. ஆனா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம கேம்ப்ப வுட்டு வெளிய வந்து, இத மிதிச்சிக்கினு எங்கியாவது போங்க. மலை இருந்தா ஏறுங்க. போற நாட்டப் பாருங்க. உக்காந்துடாதீங்க. ஒரு நாளுகூட செவுரப் பாத்து உக்காந்துடாதீங்க. அவ்ளோதான் நான் கேக்கறது."

அவனுக்கு எந்த நாளைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அதைப் பற்றி அவர்கள் பேசியது அதுவே முதல் தடவை. அவன் அவள் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ரோட்டப் பாத்துப் போங்க" என்று அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

முதல் மரத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிக் குதித்தான். அந்தப் பக்கம் போய் ஏறி மிதித்தான். அடுத்த மரத்தில் மறுபடி இறங்கி, தூக்கி, தாண்டினான். இலையும் கிளையுமாகக் கிடந்த ரோட்டில் அவன் தலை தெரிவதும் மறைவதுமாகப் போனது. அவன் பொழுது சாய்வதற்குள் சேலம் ஜங்ஷன் போனதும், சைக்கிளைப் பார்சலில் போட்டு அதே ரயிலில் ஏறியதும் அவளுக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாலாவது மரத்துக்கு அப்பால் ஆள் கண்ணில் படவில்லை என்பதுதான்.

ராணியம்மாள் பெட்டியை மூடி, கொக்கி போட்டாள். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். வீட்டிலிருந்து இதுவரை ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தது பூமாலை. கனமான சுமை, தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். நிமிர்ந்து ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள். பஸ் இல்லை, வண்டி இல்லை, ஈ காக்கை இல்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்து, யாரும் இல்லாத தைரியத்தில், வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். பெட்டியை முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து வயிற்றில் அணைத்து, வெட்டிக் கிடந்த மரத்தின்மேல் தள்ளி வைத்தாள். மரத்துக்கு இந்தப் பக்கம் வந்து முட்டியை மடக்கி, தலையைப் பெட்டிக்கு அடியில் கொடுத்தாள். ஒருமுறை சரிந்தது. மறுபடி கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து எழுந்து நின்றாள். கழுத்து நேரானதும் மலைப்பக்கம் திரும்பி நடந்தாள்.